கூடு கட்டாத இனம்

பிப்ரவரி 3, காலை 6.40. பதினோரு புழு. பதினொன்றும் உயிரோடு.

அக்கா,

நீ எழுதி வைத்துவிட்டுப் போன நான்கு பக்க உத்தரவில் முதல் வரியே "முதலில் எண்ணு, பிறகு பேசு" என்பதுதான். எண்ணிவிட்டேன். இப்போது பேசுகிறேன்.

மாமியார் செத்து மூன்று வாரம் ஆகிறது. ராணி எறும்புக்கு அந்தப் பெயரை வைத்தது நீ. அதனால் ஆய்வகத் தலைவர் உள்ளே வந்து "மாமியார் எப்படி இருக்காங்க?" என்று கேட்கும்போதெல்லாம் புதிதாய்ச் சேர்ந்த பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். இப்போது "தவறிட்டாங்க" என்று சொல்லவேண்டியிருக்கிறது. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று யாராவது அவளிடம் சொன்னால் தேவலை.

வேலைக்காரி எறும்புகள் தெம்பாகத்தான் இருக்கின்றன. புதிய முட்டை இல்லை. மாமியார் சாவதற்கு முன்பே முட்டை நின்றுவிட்டது. ஆக இந்தப் பதினொன்றுதான் கடைசி. எல்லாம் நன்றாகப் பெருத்துவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு சோற்றுப்பருக்கை அளவு.

இப்போது நல்ல செய்தி. படம். கேமரா மாட்டத்தான் என்னை இந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டாய், ஆயா வேலைக்கு இல்லை என்பதை ஞாபகப்படுத்துகிறேன். உன் பெட்டியைப் பார்த்தால் வீடு கட்டுகிற இடம் மாதிரி இருந்தது. அடியெல்லாம் மணல். ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. திரையில் புழுவைத் தேடினால் பளபளப்புத்தான் தெரிகிறது. இரண்டு நாள் பொறுத்தேன். நேற்று மொத்தத்தையும் தூரிகையால் வாரி எடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். இப்போது அடியில் வெறும் வெள்ளைப் பிளாஸ்டர், மேலே கண்ணாடி. ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கிறது.

பலன் என்ன தெரியுமா? தோலுக்கு உள்ளே பார்க்க முடிகிறது. பதின்மூன்று வளையம். பத்து ஜோடி மூச்சுத்துளை. மார்புப் பக்கம் தோலுக்கு அடியில், பின்னால் கால் ஆகப்போகிற மொட்டுகள் ஆறு. குடல் கறுப்பாக வந்து பின்பக்கம் முட்டுச்சந்து மாதிரி அப்படியே நின்றுவிடுகிறது. வெளியேற வழியே இல்லை. இது சரிதானா, இல்லை என் லென்ஸில் கோளாறா?

இன்னொன்று. இன்று காலையிலிருந்து மூன்று புழு தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்கின்றன. யாரோ எதையோ கொடுக்க, வேண்டாம் வேண்டாம் என்று சொல்வது போல. நிறுத்துவதே இல்லை. உன் ஏழு வருஷப் படங்களில் இப்படி ஒன்றுகூடக் கிடையாது. கண்ணாடியில் மட்டும் ஏதோ இழை மாதிரிப் பிசுபிசுப்பு ஒட்டுகிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து வைக்கிறேன்.

படம் இத்துடன் இருக்கிறது. பாராட்டை அடுத்த வண்டியில் அனுப்பு. அம்மா கேட்டாள், "அந்த மலையில அப்படி என்னத்தைத்தான் தோண்டுறா?" எறும்பு என்றேன். "இங்க அடுப்படியில இல்லாத எறும்பா?" என்றாள்.

தம்பி

*

பிப்ரவரி 5

டேய் பொறியாளா,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. தண்ணீர் வண்டி வந்தால்தான் கடிதம், வண்டி இன்னும் வரவில்லை. கிளம்புகிற ஒரு ஜல்லி லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் இருப்பது ஒரு தகரக் கொட்டகை. எதிரே சரளை மேடு. பாதி மேடுதான் மிச்சம். மறுபாதி ஜல்லியாகி லாரியில் போய்விட்டது. நம் எறும்பு உலகத்தில் வேறெங்கும் இருக்கிறதோ என்னவோ, நான் பார்த்தது இந்த ஒரே மேட்டில்தான். எந்திரத்துக்கு முன்னால் நான் தோண்டுகிறேன், எனக்குப் பின்னால் எந்திரம் தோண்டுகிறது. எந்திரம் ஓட்டுகிற அண்ணன் என்னை "எறும்பு சிஸ்டர்" என்கிறார். முந்தாநாள் கேட்டார்: "எறும்பைப் பிடிக்கவா சிஸ்டர் சம்பளம் குடுத்து அனுப்புறாங்க?" "சம்பளம் எங்கண்ணே குடுக்குறாங்க, உதவித்தொகைதான்" என்றேன். "அப்ப நம்ம கேஸ்தான்" என்று சொல்லி, எனக்காக ஒரு மணி நேரம் எந்திரத்தை நிறுத்திவைத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு புற்று கிடைத்தது. காலி. எப்போதோ விட்டுப்போனது.

தேடி வந்த புது ராணி கிடைக்கவில்லை. கிடைப்பாள் என்று இனிச் சொல்லமாட்டேன்.

அதனால் உன்னிடம் இருக்கும் பதினொன்றும்தான் எல்லாம். நான் கிளம்பும் முன்பு பார்த்தவரை ஒன்பது பெண், இரண்டு ஆண். ஆண் புழு கொஞ்சம் ஒல்லி, தலை இன்னும் சின்னது. மாமியார் செத்துப்போனதால் வீட்டில் இருக்கும் பெண் புழுக்களுக்கு வேலைக்காரிகள் வாரி வாரி ஊட்டும், அவை ராணிகளாகும். ஒன்பதில் ஒன்று, இரண்டில் ஒன்று பிழைத்து வந்தால்கூடப் போதும். சேர்த்துவைக்க என்னால் முடியும். குடும்பம் தொடரும்.

அவற்றின் உடம்பைப் பற்றி உனக்கு ஒன்று சொல்லவேண்டும். நீ லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய் என்று தெரியும். குடல் பின்பக்கம் மூடித்தான் இருக்கும். முட்டையிலிருந்து வந்த நாள் முதல் தின்றதன் கழிவு ஒரு துளிகூட வெளியே போவதில்லை. நெரிசலான ஒரே அறையில் இருக்கும் பிள்ளைகள், அறையை அசிங்கம் செய்வதில்லை. அத்தனையும் உள்ளேயே அடக்கிவைத்திருக்கும். தன்னைச் சுற்றிக் கூட்டைக் கட்டி, உள்ளேயே சாத்திக்கொண்ட பிறகுதான் குடல் திறக்கும். பிறந்ததிலிருந்து சேர்ந்தது எல்லாம் ஒரே ஒரு கறுப்பு மணியாக வந்து விழும். கூட்டின் ஒரு முனையில் அது புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைப் பார்த்தால் புழு பிழைத்தது என்று அர்த்தம்.

பார்த்த அன்றே எழுது. அதுவரை எதையும் திறக்காதே, தொடாதே, "இன்னும் நல்லாத் தெரியணும்" என்று எதையும் செய்யாதே. நீ அவசரக்காரன்.

அக்கா

*

பிப்ரவரி 10

அக்கா,

உன் கடிதம் வந்தது. கறுப்புப் புள்ளி எதுவும் இல்லை. ஏனென்றால் கூடே இல்லை.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆறு புழு செத்துவிட்டன. முதலில் பழுப்பு, பிறகு கறுப்பு, பிறகு வற்றிப்போன தோல். ஒல்லியான இரண்டும் அந்த ஆறில் அடக்கம். எல்லாமே முதலில் தலையாட்டின. ஆட்டி ஆட்டி ஓய்ந்தன. ஓய்ந்தவை அப்படியே கிடந்தன.

நான் என்ன தவறு செய்தேன் என்று தெரியவில்லை. வெப்பம் நீ சொன்னது. ஈரம் நீ சொன்னது. தீனி நீ சொன்ன நேரத்துக்கு. சுத்தத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், இதைவிடச் சுத்தமாக ஒரு பெட்டியை வைக்க முடியாது.

வேலைக்காரிகளின் நடத்தையும் சரியில்லை. பிளாஸ்டரைக் கடிக்கின்றன. பெயர்ந்து வரவில்லை. நேற்று குப்பை மூலைக்குப் போய், செத்த எறும்புகளின் கால்களைத் தூக்கிக்கொண்டு வந்தன. கால், உணர்கொம்பு, உடைந்த தலை. மாமியாரின் ஒரு கால்கூட. எல்லாவற்றையும் ஒரு புழுவின் மேல் கொண்டுபோய்க் குவித்தன. புழுவைக் குப்பை என்று நினைத்துவிட்டன போலிருக்கிறது. எடுத்துவிடலாம் என்று இடுக்கியை எடுத்தேன். "தொடாதே" என்று நீ எழுதியது ஞாபகம் வந்ததால் விட்டுவிட்டேன். படம் கெட்டுப்போனதுதான் மிச்சம்.

பதில் போடு. சீக்கிரம். ஏதாவது மருந்து இருந்தால் சொல்.

தம்பி

*

பிப்ரவரி 11

உன் மூன்றாம் தேதிக் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது.

மணலைப் போடு.

அவை வேண்டாம் என்று தலையாட்டவில்லை. நூற்கின்றன. கீழுதட்டில் ஒரு துளை, அதிலிருந்து பட்டு வருகிறது. வெறும் காற்றில் கூடு கட்ட முடியாது. இழையின் முதல் முனை எங்காவது ஒட்டவேண்டும். அதற்காகத்தான் வேலைக்காரிகள் புழுவை மணலில் புதைத்துவைக்கும். கட்டி முடிந்ததும் தோண்டி எடுத்துத் துடைக்கும். உடம்பில் இருக்கும் பட்டு ஒரு தடவைக்குத்தான். நீ கண்ணாடியில் துடைத்தது அதைத்தான்.

எந்திர அண்ணன் இன்று ஊர்ப்பக்கம் போகிறார். போன் எடுக்கிற இடம் வந்ததும் உன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் கடந்துவிட்டது. இருந்தாலும் போடு.

*

பிப்ரவரி 14

அக்கா,

எந்திர அண்ணன் போன் செய்தார். லாரி இரைச்சலுக்கு நடுவே, "எறும்பு சிஸ்டர் தம்பிங்களா? மணலைப் போடச் சொன்னாங்க. எத்தனை லோடு வேணும், சொல்லுங்க, நானே அனுப்புறேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. "எதுக்குங்க மணல்?" என்றேன். "அது தெரியாதுங்க தம்பி. ஆனா அழுதுட்டே சொன்னாங்க" என்றார். அப்போதுதான் புரிந்தது.

ஓடினேன். வாரி வைத்திருந்த மணலைத் திரும்பக் கொட்டினேன். வேலைக்காரிகள் அந்த நிமிஷமே ஓடிவந்தன. ஆளுக்கு ஒரு துகளாகத் தூக்கிக்கொண்டு போய் மிச்சம் இருந்த நான்கு புழுவையும் மூடின. எவ்வளவு அவசரமாக மூடின என்பதை நீ பார்த்திருக்கவேண்டாம். நான் பார்த்தேன். நான்கும் அசையவில்லை. பட்டு தீர்ந்துவிட்டது. மூடியதை மறுநாள் காலையில் அவையே தோண்டி எடுத்துவிட்டன.

அந்த நான்கும் கூடு இல்லாமலே தோலை உரித்து அம்மணமாகக் கிடக்கின்றன. வெள்ளை மெழுகில் செய்த எறும்பு மாதிரி. கால், இறக்கை, உணர்கொம்பு எல்லாம் மடித்து மார்போடு ஒட்டிவைத்தது போல. உயிர் இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாவது, செத்த எறும்புகளின் கால்களை வேலைக்காரிகள் மேலே குவித்தனவே, அந்தப் புழு. அது கட்டிவிட்டது. மணல் இல்லாததால் வேலைக்காரிகள் பிணத்தை உடைத்துக் கொடுத்திருக்கின்றன. குப்பை என்று நான் எடுக்கப்போனது, கூடு கட்டுவதற்கான சாரம். பழுப்பு நிறக் கூடு, வெளியே கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு முனையில் கறுப்புப் புள்ளி. நீ எழுதச் சொன்னாயே, எழுதிவிட்டேன்.

தலைவர் வந்தார். அந்த நான்கையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"கூடே கட்டலையா?"

"நான் மணலை எடுத்துட்டேன் சார்."

"அதை விடுப்பா. இந்த வகையில கூடு கட்டாத இனம்னு இதுவரைக்கும் யாரும் காட்டினதில்ல. படம் இவ்வளவு தெளிவா யார் எடுத்தது, நீதானே?"

"ஒண்ணு கட்டியிருக்கு சார்."

"ஒண்ணுதானே" என்றார். "அதை அந்தப் பக்கம் வை."

தம்பி

*

பிப்ரவரி 20

தம்பி,

மேடு இல்லை. திங்கட்கிழமை முடித்துவிட்டார்கள். எந்திர அண்ணன் கடைசியாக வாரியதை எனக்காக மெதுவாகக் கொட்டினார். கையால் அளைந்தேன். சரளை, வேர், ஒரு பழைய செருப்பு. அவர் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "வேற எறும்பு பரவாயில்லையா சிஸ்டர்?" என்று கேட்டார். கிண்டலில்லை. பாவம், நிஜமாகவே கேட்டார்.

உன்னைத்தான் குற்றம் சொல்லவேண்டுமா என்று மூன்று நாள் யோசித்தேன். முதல் நாள், ஆமாம். இரண்டாம் நாளும் ஆமாம். மூன்றாம் நாள் அந்த நான்கு பக்கத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர்ப் பஞ்சை எப்படிப் பிழிய வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கிறேன். மணல் என்று ஒரு சொல் இல்லை. ஏழு வருஷம் அது அங்கேயே கிடந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறவள், தரையைப் பெயர்த்துவிடாதே என்றா எழுதிவைப்பாள்? எழுதியிருக்கவேண்டும். கேமராக்காரனிடம் விட்டுப்போகிறோமே என்று யோசித்திருக்கவேண்டும்.

தலைவரும் எனக்கு எழுதியிருந்தார். கூடு கட்டாத இனம் என்று கட்டுரை போட்டால் என் பெயர் முதலில், உன் பெயர் இரண்டாவது. உதவித்தொகை இன்னும் ஒரு வருஷம் நீளும். இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி. ஏழு வருஷ வேலைக்கு என் கையில் ஒரு கட்டுரைகூட இருக்காது.

போடச் சொல்லிவிட்டேன். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? மேடே இல்லை. அந்த ஒரு கூட்டை நீ பார்க்கவில்லை என்று வைத்துக்கொள். வருவது ராணியாக இருந்தால் அவளை ஸ்பிரிட்டில் போட்டு அவரிடம் கொடுத்துவிடு.

நான் இப்படி எழுதுவேன் என்று நீ நினைத்திருக்கமாட்டாய். நானும்தான். களைப்பாக இருக்கிறது. இனி எனக்குக் கடிதம் போடாதே.

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

போடாதே என்றாய், போடுகிறேன்.

கூடு திறந்தது. உள்ளே இருந்த உயிரால் அதைத் தானாகத் திறக்க முடியவில்லை. நான்கு வேலைக்காரிகள் ஒரு முனையைக் கடித்துக் கிழித்தன. கிழித்து, உணர்கொம்பைப் பிடித்து மெதுவாக இழுத்தன. பழுப்பு வெளுப்பாக ஒரு ராணி வந்தாள். எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தாள். அவை நக்கி நக்கி நிமிர்த்தின. மறுநாள் கறுத்தாள். இறக்கை நான்கும் சரியாக இருக்கின்றன. எந்தக் குறையும் இல்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மணமாகக் கிடந்த நான்கும் போய்விட்டன. ஒன்று மட்டும் கண் கறுக்கும்வரை வளர்ந்தது. உடம்பின் மேல் கசிந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்தது. வேலைக்காரிகளே குப்பை மூலையில் கொண்டுபோய்ப் போட்டன.

ஆக, இந்த ஒருத்தி. சேர ஆண் இல்லை. ஆண் இல்லாமல் அவள் இடுகிற முட்டை ஆணாகத்தான் வரும் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதையும் வளர்த்து ஆளாக்கும்வரை இந்த வேலைக்காரிகள் இருக்கமாட்டா. இப்போதே தினம் ஒன்றிரண்டு குப்பை மூலைக்குத் தானாக நடந்துபோய்ப் படுத்துக்கொள்கின்றன. உனக்கு ஆறுதலாக ஏதாவது எழுதலாம் என்று யோசித்தேன். எதுவும் இல்லை.

தலைவரிடம் இன்று பேசினேன். கட்டுரைக்கு என் படங்களைத் தரமுடியாது என்றேன்.

"உங்க அக்காவே சம்மதிச்சுட்டாங்களே, உனக்கென்னப்பா?"

"அவ சம்மதிச்சது மனசு விட்டுப்போய் சார். நான் துடைச்சது ஈரத்துணியால. ரெண்டையும் சேர்த்து ஒரு இனம்னு சொல்றீங்க."

"ஒரு வருஷ உதவித்தொகை போகுது, தெரியுதா?"

"தெரியுது சார்."

தெரிந்தேதான் சொன்னேன். உன் வேலையை நான் இரண்டாவது முறையாகக் கெடுக்கிறேன். முதல் முறை எனக்குத் தெரியாது. இந்த முறை தெரியும். நீ என்னோடு பேசாமல் போனாலும் எனக்கு வேறு வழியில்லை. தலைவர் சொன்னபடி அது அச்சானால், நாளை எவனோ ஒருவன் படிப்பான். எங்கோ இன்னொரு மேட்டில் இதே எறும்பு அவனுக்குக் கிடைத்தால், கூடு கட்டாத இனம்தானே என்று மணல் இல்லாத பெட்டியில் வைப்பான். வைத்து, தலையாட்டுவதைப் படம் எடுப்பான்.

இனி நான் செய்யப்போவது:

1. கேமராவின் விளக்கை அணைத்துவிடுவேன். எடுத்த படம் போதும்.

2. கெட்டித் தீனி போடமாட்டேன். வளர்ந்த எறும்பின் இடுப்பு வழியே கெட்டியாக எதுவும் இறங்காது என்று உன் உத்தரவில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. தின்று கரைத்து ஊட்டப் புழு இல்லை. சர்க்கரைத் தண்ணீர் மட்டும்.

3. மாதக் கடைசியில் அறையின் சாவியைக் கொடுத்துவிடுவேன். பெட்டி வீட்டுக்கு வரும். அம்மாவிடம் சொன்னேன். "கட்டிலுக்கு அடியில மட்டும் வைக்காதே" என்றாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

4. ராணியை ஸ்பிரிட்டில் போடமாட்டேன். அவள் சாகிறபோது சாகட்டும்.

5. கடைசி வேலைக்காரியும் போன பிறகு, ராணி, பிரித்த கூடு, அம்மணமான நான்கு, கறுத்த ஆறு, எல்லாவற்றையும் குப்பியில் போட்டு ஆய்வகத்து அலமாரியில் வைக்கச் சொல்லிக் கொடுப்பேன். வாங்க மறுத்தால் வேறு ஆய்வகத்தில் கொடுப்பேன். சீட்டில் வழக்கப்படி இடம், தேதி, சேகரித்தவர் என்று உன் பெயர். அதற்குக் கீழே ஒரு வரி, என் கையெழுத்தோடு: "இவை கூடு கட்டும் இனம். வளர்த்தவன் மணல் தரவில்லை."

தம்பி